வெறுங்கையோட வந்த மூணு பேரு

வெண்ணிலா, காலை என் மேலருந்து எடு. உலகம் அழியப் போவுதுன்னு போன்ல எவனோ கத்துனானாம், அதைப் பாத்து பயந்துக்கிட்டு என் போர்வையையும் சேத்து இழுத்துக்குவியா? சரி சரி, அழாதே. அது எப்படி அழியாமப் போச்சுன்னு அத்தை சொல்றேன். ஆனா 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு பேச்சியக்கா இருந்தா. எந்த ஊருன்னு எல்லாம் கேக்காதே. கடலோரத்துல கடைசி வீடு. யாரு வந்தாலும் வயித்துக்கு ஏதாவது குடுக்காம அனுப்ப மாட்டா. கெளம்பறவங்களைப் பாத்து 'போ'ன்னும் சொல்ல மாட்டா. அபசகுனம் ஆச்சே! 'போயிட்டு வா'ன்னுதான் சொல்லுவா, நம்ம வீட்டுல சொல்ற மாதிரி. அவ மக செவ்வந்திக்கு நெறமாசம். பேரப்புள்ள மூஞ்சியை ஒரு தடவை பாத்துரணும், அது ஒண்ணுதான் அக்காவுக்கு ஆசை.

"ம்."

அப்போ, மனுசங்களை ஒருத்தர் விடாம முடிச்சுக் கட்டணும்னு மூணு பேரு கெளம்புனாங்க. மொதல்ல வானத்துலருந்து ஒரு பெரிய கல்லு. உஸ்ஸ்ஸ்ஸுன்னு எரிஞ்சுக்கிட்டே வாசல்ல வந்து நின்னுச்சு. "நான் விழுந்தா ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க"ன்னுச்சு. அக்காவுக்கு பயந்தான். இருந்தாலும், "அய்யோ, உடம்பு இப்படிக் கொதிக்குதே! மொதல்ல இதைக் குடி"ன்னு ஒரு குடம் நீர்மோரை ஊத்துனா. சொய்ய்ய்ங்! சூடு இறங்கிருச்சு. கல்லு கெளம்புச்சு. அக்கா பழக்கதோசத்துல, "போயிட்டு வாப்பா"ன்னுட்டா!

"ம்."

அப்புறம் காய்ச்சல்காரி வந்தா, லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு. "நான் ஒருத்தரைத் தொட்டாப் போதும், ஊரே காலி." "இரு தாயி, உனக்கே தொண்டை கட்டியிருக்கு"ன்னு மிளகு ரசம் குடுத்தா அக்கா. சர்ர்ருன்னு உறிஞ்சுனா. குப்புன்னு வேர்த்துச்சு. காய்ச்சலுக்கே காய்ச்சல் விட்டுருச்சு! "போயிட்டு வாம்மா."

மூணாவது வந்தவன்தான் மோசம். நம்மள மாதிரியே சட்டை, நம்மள மாதிரியே பேச்சு. பேரு சண்டை. படார் படார்னு கதவைத் தட்டுனான். "நான் யாரையும் தொடவே மாட்டேன். நீங்களே ஒருத்தரை ஒருத்தர் கொன்னு தீத்துருவீங்க"ன்னான். அக்கா அவனை மேலயும் கீழயும் பாத்தா. "சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"ன்னா. அவனை அப்படி யாருமே கேட்டதில்ல. கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டா. தின்னான் பாரு, வந்த வேலையே மறந்து போச்சு. "போயிட்டு வாய்யா."

ஊரே ஓடி வந்துச்சு. "அடிப்பாவி! மூணு பேரையும் திரும்ப வரச் சொல்லிட்டியே!"

"ம்... வந்தாங்களா அத்தை?"

வராம? மறுநாள் வெயில் ஏறுன நேரம், மூணும் ஒண்ணா வந்துருச்சு. திம், திம், திம்! "நீதானே வரச் சொன்னே. இன்னிக்கு முடிச்சுட்டுத்தான் போவோம்." "போன்னு சொல்லு பேச்சி!"ன்னு ஊரு கத்துது. அவளும் "ப்... ப்..."ங்கறா, அதுக்கு மேல வாய் வரல. பொறந்ததுலருந்து சொன்னதே இல்லையே! மோரும் தீந்துருச்சு, சோறும் தீந்துருச்சு. பேரப்புள்ளையைப் பாக்காமலே போகப் போறோம்னு கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

அப்போ உள்ளருந்து, "ங்ஙா!"

அக்காவுக்கு பயம் எங்க போச்சோ தெரியல. "ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க, புள்ள பொறந்திருக்கு. கை கால் கழுவிட்டு வந்து பாருங்க"ன்னா. மூணும் பூனை மாதிரி உள்ள போச்சு. காய்ச்சல்காரி வாயைப் பொத்திக்கிட்டு தள்ளியே நின்னா. புள்ள ஒத்தக் கண்ணைத் தொறந்து பாத்துச்சு.

"ஆமா, பச்சப்புள்ளையைப் பாக்க வெறுங்கையோடவா வருவாங்க?"ன்னு கேட்டா அக்கா. மூணுக்கும் வெக்கமாப் போச்சு. அழிக்கறதைத் தவிர அதுங்ககிட்ட என்ன இருக்கு? கல்லு மெதுவா சொல்லுச்சு: "எங்ககிட்ட ஒண்ணும் இல்லக்கா. இன்னிக்கு முடிச்சுரலாம்னு இருந்தோம்ல, அந்த நாளு இருக்கு. அதை வேணா புள்ளைக்குக் குடுத்துட்டுப் போறோம்."

"அது போதும்யா. மகராசனா இருங்க"ன்னு அக்கா அழுதுட்டா. அழுதுக்கிட்டே வாசல் வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க"ன்னா! இவளை என்ன பண்றது, சொல்லு?

"மறுபடியும் வருவாங்களா?"

தெனமும்தான் வர்றாங்க. ஆனா தெனமும் எங்கயாவது ஒரு புள்ள பொறந்துருதே. பாக்காமப் போக முடியுமா? பாத்துட்டு வெறுங்கையை வீசிட்டுத்தான் வர முடியுமா? ஒரு நாளைக் குடுத்துட்டுப் போறாங்க.

"நான்... பொறந்தப்ப?"

அன்னிக்கும் குடுத்தாங்க. நீ ஒருத்தியாவா வச்சுக்கிட்டே? ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்ன எனக்கு, உங்கப்பனுக்கு, எதுத்தாப்ல டீ ஆத்துனவருக்கு, எல்லாருக்கும் அந்த நாளு உன்னால வந்தது. அதை நெனச்சா எனக்கு இப்பவும் மனசு நெறஞ்சு போவுது. நீ நல்லா இருக்கணும்டி.

'ம்' எங்கே? வெண்ணிலா?

அட, அசந்துட்டா. சரி. மோரும் தீந்துச்சு, ரசமும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. தூங்கப் போயிட்டு வா, கண்ணு.