கவிராயர் பாட்டும் வில்லவராயர் கல்லும்

ஒரு காலத்தில் மருதநாட்டை நெடுங்கோவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் வந்தால் முதலில் ஆணை, பிறகுதான் யோசனை.

அவனுடைய அவைப்புலவர் செவ்வந்திக் கவிராயர் சொன்ன சாட்சியை நம்பி ஒரு குயவனைக் கழுவேற்றியிருந்தான். சாட்சி பொய் என்று பின்னால் அம்பலமானது. கவிராயரைச் சிறையில் தள்ளியும் அரசனுக்கு ஆறவில்லை. பிரதானி வில்லவராயர் அரசன் காதோரம் போய், "ஆள் உள்ளே இருக்கிறான், பாட்டு வெளியே திரிகிறதே, மகாராஜா" என்றார். கவிராயர் பாட்டைப் பாடினால் நாக்கை அறுப்பது என்று ஆணை பிறந்தது.

மறுநாளே ஓடக்காரன் வேம்பன் அகப்பட்டான். துடுப்புப் போடும்போது பழக்கத்தில் பாடிவிட்டான்.

மந்திரி அழிசிக்கு இந்தத் தண்டனை சரியாகப் படவில்லை. கவிராயரை மன்னிக்க அவருக்கும் மனமில்லை. ஆனால் வேம்பன் யாரைக் கொன்றான்? நேராகக் கேட்டால் அரசன் இன்னும் முறுக்கிக்கொள்வான். அவையில் வேம்பனுக்குப் பக்கத்திலேயே கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆணை போதாது, மகாராஜா." அழிசி தொண்டையைச் செருமிக்கொண்டார். "தானக் கல்வெட்டுகளின் தலையில் தங்களைப் புகழ்ந்து வெட்டிய பாட்டெல்லாம் கவிராயருடையதுதானே? அதையும் செதுக்கி எறிய வேண்டும்."

"எறியுங்கள்."

"புகழ்ப்பாட்டு இல்லாத கல் செல்லாது என்பது நம் வழக்கம். தானம் அரசுக்கே திரும்பிவிடும். வாசலில் இருக்கிற கல்லிலிருந்து தொடங்கலாமா? வில்லவராயருக்கு ஊர்கள் கொடுத்த கல் அது."

அழிசி கூட்டிவந்திருந்த கல்தச்சன் உளியோடு எழுந்தான். வில்லவராயர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "கொஞ்சம் பொறு அப்பா. ஆள் கெட்டுப்போனால் பாட்டு என்ன செய்யும்? ஆள் வேறு, பாட்டு வேறு."

"இதை அந்த ஓடக்காரனுக்கும் சேர்த்துச் சொல்லுங்களேன்," என்றார் அழிசி.

அவை சிரித்தது. அரசன் சிரிக்கச் சற்று நேரமானது.

வேம்பனை அவிழ்த்துவிட்டார்கள். கவிராயர் சிறையிலேயே கிடந்தார். பாட்டுகள் கல்லில் நின்றன. ஒவ்வொன்றின் கீழும், 'இதைப் பாடியவன் பொய் சொல்லிக் குயவன் ஒருவனைக் கொன்றான்' என்று வெட்டச் சொன்னான் அரசன். தம் கல்லில் வெட்டியதை வில்லவராயர் அவையோர் முன் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் சொன்னான். படித்தார். குரல் எழும்பவில்லை என்று மறுபடி படிக்கவைத்தார்கள்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அழிசிக்குப் போட்டான். போடும்போது மெதுவாகக் கேட்டான்.

"உமக்கு அந்த ஆள் பாட்டுப் பிடிக்குமா?"

"பிடிக்கும், மகாராஜா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது."