வகிடு எடுத்த உத்தரம்

“ஒரு கோணல் மரத்தை வைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரர் இன்னும் என்னதான் செய்கிறார்?” என்று மகாராஜா ஒருநாள் வஞ்சிக்கொடியிடம் கேட்டார்.

“அந்தக் கோணலைக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு, மகாராஜா. நேராக்கறதுன்னா என்னைக்கோ முடிச்சிருப்பாரு” என்றாள் அவள்.

ராஜாக்கள் ஆசைப்பட்டால் அது அன்றைக்கே சட்டமாகிவிடும் காலம் அது. அந்த தேசத்தின் சபையில் விகடம் பேசுவதற்கென்றே ஒரு மணை போட்டிருந்தார்கள். அதில் உட்காரும் உரிமை வஞ்சிக்கொடிக்கு மட்டும்தான். அவள் கணவர் முத்திருள் ஆசாரி அரண்மனைத் தச்சர். வீட்டில் பேசுவதெல்லாம் அவள்தான். அவர் சிரிப்பதோடு சரி.

மகாராஜாவின் ஆசை இதுதான். ராணி சிறு பெண்ணாக இருந்தபோது, ஆற்றங்கரையில் வில்லாக வளைந்து நின்ற ஒரு பூவரசில் ஊஞ்சல் கட்டி ஆடுவாராம். மகாராஜா அவரை முதன்முதலில் பார்த்ததும் அந்த மரத்தடியில்தான். போன மழைக்கு மரம் விழுந்துவிட்டது. இப்போது ராணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. வளைவு கொஞ்சமும் மாறாமல் அந்த மரத்தை உத்தரமாக்கி, அதில்தான் தொட்டில் கட்ட வேண்டும். ஒரு சிலாம்பு இருந்தாலும் தொட்டில் கயிற்றை அறுக்கும், பிள்ளை மேல் உதிரும். ஆகவே மரம் பிள்ளையின் கன்னம் போல வழுவழுப்பாக இருக்க வேண்டும். அதையும் சபையிலேயே, தம் கண்ணெதிரே இழைக்க வேண்டும்.

ஆசாரி பட்டை உரித்து வைத்திருந்த மரத்தைச் சபைக்குக் கொண்டுவந்து, வளைவின் மேடு மேலே தெரியும்படி கட்டைகளின் மேல் கிடத்தினார்கள். ஒரு முனை சிம்மாசனத்தின் பக்கம், மறுமுனை வாசல் பக்கம்.

பிரதானி நீலமேகருக்கு வஞ்சிக்கொடியின் மணையைக் கண்டாலே ஆகாது. அவரிடம் ஒரு இழைப்பு யந்திரம் இருந்தது. பாறாங்கல் ஏற்றிய பெரிய இழைப்புளி, அதைக் கயிறு கட்டி இழுக்க ஒரு காளை. யானைக் கொட்டாரத்து விட்டங்களையெல்லாம் அதுதான் இழைத்தது.

“மகாராஜா, கையால் தேய்த்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு மீசை முளைத்துவிடும். என் யந்திரத்துக்கு ஒரு பொழுது போதும்” என்றார்.

மகாராஜா தலையசைத்தார். காளையை வாசல் பக்கம் நிறுத்தி ஓட்டினார்கள். சிம்மாசன முனையில் தொடங்கிய யந்திரம் மேட்டில் ஏற ஏற, மரத்தின் நார் பிய்ந்து எழுந்தது. மேட்டைத் தாண்டி இறங்கியதும் அதே யந்திரம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. மரம் பாதி பட்டு, பாதி முள்ளம்பன்றி என்று கிடந்தது.

“மரத்தின் மேல்தான் குற்றம்! மேட்டைச் சீவி எறிந்துவிட்டால் நேராகிவிடும்” என்றார் நீலமேகர்.

ராணியின் முகம் வாடியது. “அந்த வளைவில்தான் நான் கயிறு கட்டி ஆடினேன்” என்றார் மெதுவாக.

முத்திருள் ஆசாரி தொண்டையைச் செருமினார். “மேட்டுல இருந்து இறக்கத்துக்கு இழைச்சா நார் படியும் மகாராஜா. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.”

“புரியலையா அம்மா?” என்று வஞ்சிக்கொடி ராணியிடம் திரும்பினாள். “தலை வாருறப்போ வகிட்டுல இருந்துதானே ரெண்டு பக்கமும் சீப்பை இறக்குவோம்? காதுல இருந்து மேல வாரினா என்ன ஆகும்?”

“பிரதானியின் தலைபோல் ஆகும்” என்றார் மகாராஜா. சபை சிரித்தது. நீலமேகர் சிரிக்கவில்லை.

“அப்படியானால் பாதி மரத்தைச் சிம்மாசனத்தை நோக்கியல்லவா இழைக்க வேண்டும்?” என்றார் அவர். “மகாராஜா வீற்றிருக்கும் பக்கம் நோக்கி இரும்பு வரக் கூடாது என்பது தங்கள் பாட்டனார் கட்டளை. அரண்மனையில் மாம்பழம் நறுக்கினாலும் கத்தியை வெளிப்பக்கமாகத்தான் தள்ளுகிறோம். ஆசாரிக்கு மட்டும் தனிச் சட்டமா?”

பாட்டனார் கட்டளையை மகாராஜாவாலும் மீற முடியாது. கடைசியில், “நாளைப் பொழுது சாய்வதற்குள் கட்டளை கெடாமல் இழைக்க முடிந்தால் இழைக்கட்டும். இல்லையென்றால் மேட்டைச் சீவிவிடுங்கள்” என்று சொல்லி எழுந்துபோனார். ராணியின் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆசாரி, “மரத்தைத் திருப்பிப் போடலாம்னா, இனி அசைச்சா வளைவு விண்டுடும். கெடந்தபடி இழைச்சா ஒரு பாதி அவரைப் பார்த்துத்தானே வரும் புள்ள?” என்றார்.

“மரத்தை ஏன் திருப்பணும்? அது அசையாமக் கெடக்கட்டும்” என்றாள் வஞ்சிக்கொடி.

மறுநாள் காலை அவள் சபைக்கு வந்தபோது, பின்னால் பல்லக்குத் தூக்கிகள் வந்தார்கள்.

“மகாராஜா, உங்க கட்டளைப்படி நீங்க பார்த்துக்கிட்டே இருக்கணும். பாட்டனார் கட்டளைப்படி இரும்பு உங்களைப் பார்த்து வரக் கூடாது. சரிதானே?”

“சரிதான்.”

“சிம்மாசனம் ஒரே இடத்துலதான் இருக்கணும்னு பாட்டனார் சொன்னாரா?”

மகாராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி கூரையைப் பார்த்தார்.

“அப்போ கெட்டியாப் பிடிச்சுக்குங்க.” அவள் கைதட்ட, தூக்கிகள் மகாராஜாவோடு சேர்த்துச் சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கம் வைத்தார்கள். ஆசாரி மேட்டில் தம் சிறிய இழைப்புளியை வைத்து, காலியான பக்கத்தை நோக்கி இறக்கினார். பிய்ந்து நின்ற நாரெல்லாம் சுருள் சுருளாக உதிர்ந்தது.

“இப்ப அந்தப் பக்கம்!” என்றாள் வஞ்சிக்கொடி. “ஒரு பாதியை மட்டும் இழைச்சுக்கிட்டே போனா வளைவு சாஞ்சுடும். மாத்தி மாத்தித்தான் இழைக்கணும்.”

சிம்மாசனம் திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. மகாராஜா எங்கே இருந்தாலும் வலப்பக்கம் நின்று சாமரம் வீசுவது பிரதானியின் பெருமைக்குரிய கடமை. ஆகவே சிம்மாசனத்தின் பின்னாலேயே சாமரத்தோடு நீலமேகரும் ஓடினார். தலைப்பாகை காதுக்கு இறங்கியது. “கொஞ்சம்... மெதுவாக...” என்று மூச்சிரைத்தார்.

இப்படி வந்து போகிற அசைவில் மகாராஜாவுக்குக் கண் சொருகியது. தலை தொங்கி, குறட்டை கிளம்பியது.

“வஞ்சி, தொட்டில் கட்டுமுன்னே பெரிய பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டாயே!” என்றார் ராணி.

அதைக் கேட்டுச் சபை சிரித்த சிரிப்பில் மகாராஜா விழித்துக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தவர், சாமரத்தில் சாய்ந்து நின்ற பிரதானியைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் ஆசாரி சொரசொரப்பான பிராய் இலையால் மரத்தைக் கடைசியாகத் தேய்த்து முடித்தார். ராணி குழந்தையின் கையைப் பிடித்து மேட்டின் மேல் வைத்தார். பிஞ்சு விரல்கள் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கின. குழந்தை இன்னொரு தரம் வேண்டுமென்று காலை உதைத்தது.

“உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றார் மகாராஜா வஞ்சிக்கொடியிடம்.

“ஒரு சீப்பு போதும். மரத்துக்கெல்லாம் வழி சொல்லி என் பழைய சீப்பு தேஞ்சுபோச்சு.”

மகாராஜா யானைத் தந்தத்தில் சீப்பு வரவழைத்து அவளுக்குக் கொடுத்தார். ஆசாரிக்குப் பட்டும் சந்தனமும் கொடுத்தார். எல்லோரும் தொட்டில் கயிறு கொண்டுவர உள்ளே போனார்கள்.

மணையை எடுக்கத் திரும்பிய வஞ்சிக்கொடி, தூண் ஓரம் நின்றுவிட்டாள். நீலமேகர் மரத்தின் அருகே தனியாக நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து இந்தப் பக்கம் ஒரு தரம் இறக்கினார். பிறகு அந்தப் பக்கம் ஒரு தரம். அப்புறம் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கலைந்த தலையை வகிட்டிலிருந்து கையால் படியவிட்டார். வாசலில் கட்டியிருந்த காளையை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.