மாடு இழந்த மேல்வரிசைப் பல்

மிருகங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மாட்டுக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று முன்பல் முழுசாக இருந்தது.

காட்டை ஆண்ட புலியை மிருகங்கள் எல்லாம் சேர்ந்து விரட்டின. சேர்ந்து என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. புலியின் வாலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, வெயில் சாயும்வரை விடாமல் நின்றது செவலைக் காளை ஒன்றுதான். அதன் முதல் கன்றைப் புலி தின்றிருந்தது. அப்போது நரி மரத்தடியில் நின்று கோஷம் போட்டது. மறுநாள் நரிதான் தலைவர்.

காளை அதற்கும் வருத்தப்படவில்லை. மண் சுமந்து ஏரிக்குக் கரை போட்டது. இரண்டாவது கன்று பிறந்திருந்தது. அது பயமில்லாமல் மேய வேண்டும், அவ்வளவுதான் காளைக்கு.

கரை முடிந்த அன்று நரி எல்லோரையும் கூட்டியது.

"புலிக்கு எதனால் பயந்தோம்? பல்லால். நம்மிடமும் பல் இருந்தால் நாளைக்கு நமக்குள்ளேயே ஒரு புலி வரும். எல்லோரும் மேல்வரிசை முன்பல்லை உடைத்து ஏரியில் போட்டுவிடுவோம்."

கூட்டம் பின்வாங்கியது. நரி காளையிடம் வந்து குரலைத் தாழ்த்தியது.

"அண்ணே, நீங்க முதல்ல வந்தா மத்தவங்க பயப்பட மாட்டாங்க. உங்க கன்னுக்காகத்தான் சொல்றேன். கடைசியா நானும் போடறேன்."

"வலிக்குமா?"

"கொஞ்சம்."

"சரி" என்று காளை வாயைத் திறந்தது. குரங்கு கல்லை ஓங்கியது.

காளையே போட்டுவிட்டதே என்று எருமை வந்தது. ஆடு வந்தது. மான் குட்டியோடு வந்தது. அடுத்து கழுதை நின்றது.

"தலைவர் முதல்ல போடட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றது.

"கழுதைப் புத்தி போகுதா பார்!" என்று ஆடு ரத்த வாயோடு கேலி செய்தது.

குரங்கு கல்லோடு நெருங்கியதும் கழுதை பின்னங்காலால் ஓர் உதை விட்டு ஓடியது. அதன் பின்னாலேயே குதிரையும் ஓடியது.

"தலைவரே, இனி நீங்கதான்" என்றது காளை.

நரி வாயைத் திறந்தது. சிரித்தது. ஒரு பல்கூடக் குறையவில்லை. பிறகு கரைப் பக்கம் திரும்பி, "ஐயா, முடிஞ்சுது. வரலாம்" என்றது.

காளை போட்ட கரையின்மேல் புலி ஏறி வந்தது.

புலி தன்னைத் தாண்டிக் கன்றிடம் போவதைப் பார்த்ததும் காளை பாய்ந்து, பழையபடி வாலைக் கவ்வியது. வால் வழுக்கிக்கொண்டு போனது. மேலே வெறும் ஈறு.

கன்று ஒரே ஒருமுறை கத்தியது.

காளை எருமையையும் ஆட்டையும் மானையும் பார்த்தது. "என்னைப் பார்த்துத்தானே நீங்க எல்லாம்..." என்று தொடங்கியது. முடிக்கவில்லை. அதற்குப் பிறகு மாடு பேசியதாக யாரும் சொன்னதில்லை.

அன்றையிலிருந்துதான் மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் மானுக்கும் மேலே முன்பல் கிடையாது. சந்தேகம் இருந்தால் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கழுதைக்கு இரண்டு வரிசையும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் நாம் முட்டாள் என்கிறோம்.