ஆள்காட்டிக் குருவியும் காட்டெருது ராஜாவும்

மூங்கில் காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. அதன் சரளைக் கரையில் செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்து வந்தது. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. அதன் முட்டைகள் கல்லோடு கல்லாகத் தரையிலேயே கிடக்கும்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும் செங்கண்ணி குரல் கொடுக்கும். நரிக்கும் யானைக்கும் ஒரே குரல்தான். அதைக் கேட்டதும் தண்ணீர் குடிக்கும் விலங்குகள் எல்லாம் தலையை நிமிர்த்திப் பார்க்கும். பயப்பட வேண்டிய ஆள் என்றால் ஓடும். இல்லையென்றால் மறுபடி குடிக்கும். யாருக்கும் விலக்கு இல்லாததால்தான் எல்லாரும் அந்தக் குரலை நம்பினார்கள்.

ஒரு கோடையில் ஏரி வற்றிச் சிறு குட்டையாகிவிட்டது. தண்ணீருக்குத் தள்ளுமுள்ளு வந்தது. பன்றிகள் மான்களை இடித்துத் தள்ளின. ஒரு மான்குட்டி சேற்றில் மிதிபட்டது. அப்போது திமிலன் என்ற காட்டெருது முன்னால் வந்து நின்றது. அதன் கொம்பைப் பார்த்ததுமே சண்டை அடங்கியது. யார் முதலில் குடிப்பது, யார் அடுத்துக் குடிப்பது என்று அது முறை வைத்தது. அன்று எல்லாரும் வயிறாரக் குடித்தார்கள். இனி நீங்களே எங்கள் ராஜா என்று விலங்குகள் தாமாகவே சொல்லின. செங்கண்ணியும் சொன்னது.

மறுநாள் ராஜா கரைக்கு வந்தபோது செங்கண்ணி எப்போதும்போல் குரல் கொடுத்தது. மான்கள் நிமிர்ந்தன. நான்கைந்து பதறி ஓடவும் செய்தன.

"என்னைக் கண்டா கத்தினாய்? நான் என்ன திருடனா?" என்றது திமிலன்.

"யார் வந்தாலும் கத்துவேன் ராஜா. அதுதானே என் வேலை."

திமிலன் முட்டைகளுக்குப் பக்கத்தில் தன் குளம்பை மெல்ல ஊன்றியது. செங்கண்ணி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது.

கரையோர அத்திமரத்தில் கருமுகன் என்ற குரங்கு இருந்தது. செங்கண்ணி குரல் கொடுத்தால் உயரத்திலிருந்து பார்த்து, அது உண்மைதானா என்று சொல்வது அதன் பொறுப்பு. அது இப்போது கீழே இறங்கி வந்தது.

"இந்தக் குரலை ஏன் நிறுத்த வேண்டும் ராஜா? நீங்கள் வரும்போது மட்டும் கத்தட்டும். கேட்டதும் எல்லாரும் தலை குனியட்டும். உங்கள் ஆட்சியில் வேறு யாரைப் பார்த்துப் பயப்படப் போகிறோம்?"

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. அன்றே உத்தரவு பிறந்தது. குரல் கேட்டு நிமிர்கிறவருக்குத் தண்ணீர் முறை கிடையாது. ராஜாவைத் தவிர வேறு யாருக்காகவும் குரல் கொடுத்தால் முட்டைகள் நசுங்கும். கருமுகனுக்கு அத்திமரம் முழுவதும் பரிசாகக் கிடைத்தது.

செங்கண்ணி கலங்கிப்போய்த் தன் தோழியான துள்ளி மானிடம் போனது. துள்ளி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடு அக்கா. ஒரு தரம் தலையைக் குனிந்தால் கழுத்தா தேய்ந்துவிடும்? தண்ணீர் கிடைக்கிறது, அது போதும். நீ உன் முட்டைகளைப் பார்" என்றது.

முதலில் சிலர் மறந்துபோய் நிமிர்ந்தார்கள். துள்ளியின் குட்டியும் அப்படி நிமிர்ந்து, நாக்கு வறண்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றது. அதன் பிறகு யாரும் மறக்கவில்லை. குரல் எழுந்தால் அத்தனை கழுத்துகளும் தாமாகவே தாழ்ந்தன. சிலர் பக்கத்தில் இருப்பவரைவிடத் தாழ்வாகக் குனியப் போட்டி போட்டார்கள்.

ஒரு நாள் எதிர்க்கரைப் புதரில் செந்நாய் ஒன்று பதுங்கி நிற்பதைச் செங்கண்ணி கண்டது. குரல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வயிற்றுக்கடியில் முட்டைகள் சூடாக இருந்தன. அது குரலை விழுங்கிவிட்டுக் கருமுகனிடம் ஓடியது.

"நானும் பார்த்தேன்" என்றது கருமுகன், அத்திப்பழத்தை மென்றுகொண்டே. "ராஜாவின் காட்டில் செந்நாய் இருக்கிறது என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? நீ சொல்கிறாயா?"

செங்கண்ணி திரும்பி வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது. செந்நாய் கரையை நன்றாக நோட்டம் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் அது தன் கூட்டத்தோடு வந்தது.

மான்கள் குடித்துக்கொண்டிருந்தன. துள்ளியும் குட்டியும் ஓரத்தில் நின்றன. புதரில் சிவப்பு முதுகுகள் அசைவதைச் செங்கண்ணி பார்த்தது. இந்தத் தடவை அது உத்தரவை நினைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியது.

கரையில் இருந்த அத்தனை விலங்குகளும் தலையைக் குனிந்தன.

"நிமிருங்கள்! ஐயோ, நிமிருங்கள்!" என்று செங்கண்ணி அவர்கள் தலைக்கு மேலே பறந்து பறந்து கதறியது. குரல்தான் அவர்கள் காதில் விழுந்தது, வார்த்தை விழவில்லை; அது கதறக் கதறக் கழுத்துகள் இன்னும் தாழ்ந்தன. மூங்கிலுக்குள் படுத்திருந்த திமிலன், தனக்குத்தான் மரியாதை நடக்கிறது என்று எண்ணி, மார்பை நிமிர்த்திக் கொண்டு கரைக்கு நடந்து வந்தது.

செந்நாய்கள் பாய்ந்தபோது துள்ளி தரையைப் பார்த்தபடிதான் நின்றது. அது எழவே இல்லை. குட்டி எப்படியோ தப்பியது. நாய்களில் இரண்டு திமிலனின் பின்னங்காலைக் கவ்வின. ராஜா அலறிக்கொண்டு சரளையின் மேலேயே ஓடியது. எதை மிதிக்கிறோம் என்று அது கீழே பார்க்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு செங்கண்ணி திரும்பி வந்தது. கல்லுக்கு நடுவே ஈரமும் ஓடுகளும் மட்டும் இருந்தன.

திமிலன் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. கருமுகன் வேறு மரம் தேடிப் போய்விட்டது. உத்தரவு போட்டவரும் இல்லை, அதைக் காத்தவரும் இல்லை. செங்கண்ணி பழையபடி யார் வந்தாலும் குரல் கொடுக்கிறது. துள்ளியின் குட்டி இப்போது வளர்ந்த மான். குரல் கேட்டால் அதன் கழுத்து முதலில் தாழ்கிறது, பிறகுதான் கால்கள் ஓடுகின்றன. மற்ற மான்களும் அப்படித்தான். அந்த ஒரு நொடி செந்நாய்க்குப் போதுமானதாக இருக்கிறது.

எல்லாரையும் காப்பதற்கென்று இருந்த குரலை ஆள்பவனைப் போற்ற ஒப்படைத்துவிட்டால், அவன் போன பிறகும் அது நம்மைக் காக்கும் குரலாகத் திரும்ப நெடுங்காலம் ஆகும்.