நிலாச்சோற்றில் நியாயாதிபதி

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், நிலாவுக்கு இப்போதைவிடக் கொஞ்சம் வெளிச்சம் கூடுதலாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரை ராஜ்யம் ஒன்றைப் பெரியவீர பூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஆசைகள் மட்டும் ஒரு தினுசு. குளத்து மீன் தூங்கும்போது என்ன கனவு காண்கிறது என்று விசாரித்து வரச் சொல்வார். முதல் மழையின் மண்வாசனையைக் குடத்தில் பிடித்து வரச் சொல்வார். அரண்மனையில் இருந்தவர்கள் எல்லாம் ஆமாம் சாமிகள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அந்த ராஜ்யத்து நியாயாதிபதிக்குத் தணிகாசலம் என்று பெயர். ஆசனத்தில் உட்கார்ந்தால் கணீரென்று தீர்ப்புச் சொல்வார். இறங்கிவிட்டாலோ வாய்க்குப் பூட்டு. வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றால் உப்புச் சாடியைப் பார்ப்பார், மனைவி எடுத்துப் போடுவாள். ஊரார் அதை மிடுக்கு என்று சொன்னார்கள். ஊருக்கென்ன, எதையாவது சொல்லும்.

ஒருநாள் சாயங்காலம் அரசர் உப்பரிகையில் சாய்ந்துகொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நியாயாதிபதி தனியாக நடந்து போனார். அரசருக்கு ஆசை வந்துவிட்டது.

"இவருக்குத் தீர்ப்புச் சொல்லும் குரல் இருக்கிறது. சும்மா பேசும் குரல் என்று ஒன்றும் இருக்குமல்லவா? அதை நான் கேட்க வேண்டும்."

பக்கத்தில் நின்ற தலைமை மந்திரி, பிரதானி குலசேகர ராயர், கட்டளையிட்டால் இப்போதே பேசிவிடுவார் என்றார். அரசர் வேண்டாமென்று தலையை அசைத்தார். கட்டளைக்குப் பேசும் குரல்கள்தான் காலையிலிருந்து இரவுவரை தம் காதில் விழுகின்றனவே என்று பெருமூச்சு விட்டார்.

அங்கே இன்னொருவனும் நின்றான். அரண்மனைக் கோணங்கி மருதப்பன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். பேசாமல் இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"அரசே, நியாயாதிபதியும் அடியேனும் மருதந்தோப்புப் பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். சித்திரைப் பௌர்ணமியன்று எங்கள் பழைய மாணவர்கள் எல்லாரும் ஆற்று மணலில் கூடி நிலாச்சோறு சாப்பிடுவோம். இந்த வருஷம் அவரை அழைக்கிறேன். அங்கே வந்தால் ஊமையும் பேசுவான்" என்றான்.

பிரதானியின் கண் பளிச்சென்றது. அந்த மருதந்தோப்பின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். பள்ளிக்கூடத்தைக் கிளப்பிவிட்டு, மரத்தடியில் தமக்கொரு வசந்த மண்டபம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருந்தார். மருதப்பன் பேரிலும் பொறாமை. தாம் நீட்டி முழக்கும் யோசனைகளுக்கு ஒருநாளும் சிரிக்காத அரசர், இவன் தும்மினால்கூடச் சிரிக்கிறாரே என்று.

"நல்லது. ஆனால் அரசர் கேட்க விரும்புவது தானாக வரும் பேச்சு. ஆகையால் அன்றைக்கு ஒருவரும் அவரைப் பேசச் சொல்லக் கூடாது. வாயாலும் கேட்கக் கூடாது, சைகையாலும் கேட்கக் கூடாது. அப்படியும் அவர் பேசாவிட்டால், வீண் பெருமை பேசிய பள்ளிக்கூடத்தின் தோப்பை எனக்கு அளித்துவிட வேண்டும்" என்றார்.

அரசர் ஏதோ யோசனையில், "சரி" என்றார். அரசர் வாயிலிருந்து சரி வந்தால் வந்ததுதான். அதைத் திரும்ப உள்ளே போடும் வழி அவருக்கே தெரியாது.

சங்கதி தெரிந்ததும் பழைய மாணவர்கள் மருதப்பனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இன்னும் அந்த மரத்தடியில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். தோப்பு போனால் பள்ளிக்கூடமும் போகும். மருதப்பன் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

கடைசியில் சமையற்காரன் வீரபத்திரன் அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போனான். அவனும் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்.

"தணிகாசலம் ஏன் பேசறதில்லைன்னு உனக்குத் தெரியுமாடா? எல்லாம் என்னாலதான்."

பிறகு விவரம் சொன்னான். தணிகாசலம் நியாயாதிபதியான புதிதில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். சமையல் வீரபத்திரன். சாப்பிடும்போது தணிகாசலம் பக்கத்து இலைக்காரரிடம், சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது போலிருக்கிறதே என்றார். அவ்வளவுதான். நியாயாதிபதியே சொல்லிவிட்டார் என்று ஒரு காவற்காரன் இன்னொருவனிடம் சொல்ல, விடிவதற்குள் வீரபத்திரனை ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள். நியாயாதிபதி அலறிப் புடைத்துக்கொண்டு வண்டி கட்டி, அவனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் அழுதார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பூட்டிய வாய்.

"அவன் என்ன சொன்னாலும் தீர்ப்பாயிடுதுடா. பயந்து போயிட்டான்" என்றான் வீரபத்திரன்.

மருதப்பனுக்கு மனசு கனத்துப் போனது. இத்தனை நாளும் அவனும்தான் அதை மிடுக்கு என்று நினைத்திருந்தான். நேராக நியாயாதிபதி வீட்டுக்குப் போனான்.

"தணிகாசலம், நிலாச்சோத்துக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ. உன்னைப் பேசச் சொல்லி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம்" என்றான்.

நியாயாதிபதி அவனையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

வருவதற்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. பேச்சுக்கு எங்கே போவது? மருதப்பன் கால் போன போக்கில் நடந்தான். கால் தோப்புக்குத்தான் போயிற்று. பள்ளி விடும் நேரம். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முறை வைப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்லும். மற்ற எல்லாரும் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்ற கேள்வியே கிடையாது. தப்பு வந்தால் திருத்துவது சட்டாம்பிள்ளையின் வேலை. அவன்தான் பிள்ளைகளுக்குத் தலைவன். முறை முடியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

அன்றைக்கு முறை சொன்ன பிள்ளை நடுவில் "அச்சு" என்று தும்மினான். உடனே அத்தனை பிள்ளைகளும் "அச்சு" என்றார்கள். மருதப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. ஆறு ஒரு ஓரமாக மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. பகல் வெயிலின் சூடு மணலில் இன்னும் மிச்சமிருந்தது. கிழக்கே நிலா பெரிதாக, மஞ்சளாக எழும்பிற்று. அந்த வெளிச்சத்தில் யார் செட்டி, யார் வண்டிக்காரன் என்று தெரியவில்லை. எல்லாரும் ஒரே நிறமாக இருந்தார்கள். பேச்சும்கூடத் தூக்கத்தில் பேசுவதுபோல மெதுவாகத்தான் வந்தது. நியாயாதிபதி வந்து வரிசையில் ஒருவராக உட்கார்ந்தார். மருதப்பனின் வெளியூர் விருந்தாளிகள் என்று இரண்டு எண்ணெய் வியாபாரிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார்கள். அரசரும் பிரதானியும்தான் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இலை போட்டாயிற்று. வீரபத்திரன் அண்டாவின் பக்கத்தில் கரண்டியோடு நின்றான். மருதப்பன் எழுந்தான். பள்ளிக்கூட வழக்கப்படி முறை வைத்த பிறகுதான் சோறு, விருந்தாளிகளும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எண்ணெய் வியாபாரிகளைப் பார்த்துச் சொன்னான். பிறகு தொடங்கினான்.

"ஈரெட்டு பதினாறு."

"ஈரெட்டு பதினாறு" என்றது மணல்வெளி.

நரைத்த மீசைகள் எல்லாம் பழைய ராகத்தில் இழுத்தன. நியாயாதிபதியின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. ஆறெட்டு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று.

"ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்றான் மருதப்பன்.

"ஏழெட்டு ஐம்பத்து நாலு" என்றார்கள் எல்லாரும்.

நியாயாதிபதிக்கு உடம்பு ஒரு குலுங்கு குலுங்கிற்று. ஏனென்றால் அந்தக் காலத்தில் அவர்தான் சட்டாம்பிள்ளை. பத்து வருஷ அடக்கம் ஒரு பக்கம், பழைய சட்டாம்பிள்ளை ஒரு பக்கம். மருதப்பன் விடவில்லை. அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். ஊரே அதைத் திருப்பிச் சொன்னது.

"ஏழெட்டு ஐம்பத்தாறுடா, மண்டு" என்றார் நியாயாதிபதி.

"ஏழெட்டு ஐம்பத்தாறுடா, மண்டு" என்றார்கள் அத்தனை பேரும். எண்ணெய் வியாபாரிகளில் ஒருவர் மற்ற எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்.

நியாயாதிபதி தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். யாராவது எழுந்து மருதப்பனைக் கட்டி இழுத்துப் போகப் போகிறார்களோ என்று சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. எல்லாரும் அடுத்த வார்த்தைக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி. அவர் கையை மெதுவாக எடுத்தார். திறந்திருந்த அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"சோறு குழைஞ்சிருக்கு, வீரபத்திரா."

"சோறு குழைஞ்சிருக்கு, வீரபத்திரா" என்றது கூட்டம். வீரபத்திரனும் தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டு, கரண்டியை நீட்டிக்கொண்டு சேர்ந்து சொன்னான். சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தான். எல்லாரும் சொன்ன சொல் ஒருவர் தீர்ப்பாகுமா? அவனை எவன் ஊரைவிட்டுத் துரத்துவான்?

நியாயாதிபதியும் சிரித்தார். அப்புறம் பேசினார் பாருங்கள், அணை திறந்த மாதிரி. மணல் சுடுகிறது என்றார். வாத்தியார் பகலில் குறட்டை விடுவார் என்றார். நிலாவில் முயல் இருக்கிறதா கிழவி இருக்கிறாளா என்று நாம் சண்டை போட்டோமே என்றார். இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது பெரிய கஷ்டமாக இருந்தது என்றார். ஒவ்வொன்றையும் கூட்டம் திருப்பிச் சொன்னது. அக்கரையில் நிலாச்சோறு சாப்பிட வந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சொன்னார்கள். ஆற்றின் இரண்டு கரையும் தூக்கத்தில் பேசிக்கொள்வது போலிருந்தது.

பிரதானிக்குத்தான் பொறுக்கவில்லை. துண்டை உதறிவிட்டு எழுந்தார். இது பேச்சல்ல, ஏமாற்று என்று கத்தினார். மருதப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிரதானி அவர்களே, பேசச் சொல்லக் கூடாது என்றீர்கள், ஒருவரும் சொல்லவில்லை. அடியேனுக்கு வாய்ப்பாடு தப்பக் கூடாது என்று நீங்கள் நிபந்தனை போடவில்லையே."

இன்னொரு எண்ணெய் வியாபாரியும் துண்டை எடுத்தார். அரசர் என்று தெரிந்ததும் கூட்டம் விதிர்விதிர்த்து எழுந்தது. அரசர் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். பிறகு, கூச்சப்படும் பிள்ளையைப்போலச் சொன்னார்.

"எனக்குப் பசிக்கிறது."

அரண்மனையில் அந்தச் சொல் விழுந்திருந்தால் தட்டு, சொம்பு, விசிறி, வைத்தியர் என்று ஒரு படையே ஓடிவந்திருக்கும். இங்கே ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நியாயாதிபதிதான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குப் பசிக்கிறது" என்றார்.

"எனக்குப் பசிக்கிறது" என்றார்கள் எல்லாரும். அக்கரையும் சொல்லிற்று. உண்மையாகவே எல்லாருக்கும் பசிதான்.

அரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மணலில் புரண்டு சிரித்தார். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன சொல் ஒன்று உத்தரவாகாமல் சும்மா காற்றில் போனது அதுவே முதல் தடவை. தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மருதந்தோப்பு என்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கே" என்றார்.

பழக்க தோஷத்தில் எல்லாரும் வாயைத் திறந்தார்கள். அரசர் கையை உயர்த்தினார்.

"இதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். இது ஆணை."

வீரபத்திரன் பரிமாறத் தொடங்கினான். குழைந்த சோறுதான், அரசர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிரதானியின் இலை மட்டும் வெகுநேரம் காலியாகக் கிடந்தது. ஏனென்று அவர் கேட்டார். முறை சொல்லாதவருக்குச் சோறு இல்லை, வழக்கம் என்றார் நியாயாதிபதி, சும்மா பேசும் குரலில். புளியோதரை வாசனை மூக்கைத் துளைத்தது. பிரதானி அங்குமிங்கும் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று முணுமுணுத்தார்.