பிடுங்கிய வயர்கள்

கைக்கு வந்த வேலை, சான்றிதழ் இல்லையென்றால் கையைவிட்டுப் போய்விடுமா, நீங்களே சொல்லுங்கள்?

அந்த ஆபீசுக்கு நெட்வொர்க் வயர் இழுத்த புருஷன் செத்துப்போன மறுமாசம், கூடமாட நின்று தொழில் பழகிய செல்லக்கனி, அவன் வேலையைத் தனக்குக் கேட்டு வந்தாள். புது மேலாளர் வரதராசன் முகத்தைச் சுளித்தார்.

"சான்றிதழ் இல்லாதவங்க கை பட்ட ஒரு வயரும் இங்க இருக்கக் கூடாது!"

"சரிங்க சார்" என்று அவள் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "ஐயோ, நெட் போச்சு!" என்று ஆபீசே கூப்பாடு போட்டது.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?"

"அத்தனையும் எங்க வீட்டுக்காரர் போட்டது சார். அவர்கிட்ட ஏது சான்றிதழ்?"

மேலாளரின் குரல் இறங்கியது. "மாட்டும்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு."

திரும்ப மாட்டும்போதுதான், வயர் நுனிகளில் எது எங்கே என்று அவன் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டுகள் கண்ணில் பட்டன. கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது.

"சார், வயரை எப்ப மாத்தினாலும் இந்தச் சீட்டுகளை எங்கிட்ட குடுத்துடுங்க."