இளவரசர் ஏப்பம் விட்ட நாள்

வெகுகாலத்துக்கு முன்னே தாழையூரைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் மறந்துவிடுவார். மறக்காத சட்டம் ஒன்றே ஒன்று. கைக்குழந்தை இளவரசர் பால் குடித்து முடித்ததும் கட்டியக்காரன், "இளவரசர் அமுதுண்டார், பராக்!" என்று கூவ வேண்டும். அந்தக் கணமே பிள்ளையைத் தங்கத் தொட்டிலில் மல்லாத்திப் போட்டு, பிரதானிகள் வரிசையாக ஆட்ட வேண்டும். முதலில் ஆட்டும் உரிமை மூத்த பிரதானி ஏகாம்பர ராயருக்கு. அந்தப் பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் படுவதில்லை.

பிள்ளையோ ஒவ்வொரு முறையும் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டது. குடித்த பாலைக் கொஞ்சம் கடைவாயில் கக்கியது.

"பால் கொடுக்கும் பூவாயிதான் காரணம், மகாராஜா," என்றார் ராயர், மூக்கில் பட்டாணி மாட்டிக்கொண்ட குரலில். "அவள் பால் விஷம். நாடு கடத்துங்கள்."

"கடத்து," என்றார் ராஜா.

பூவாயி கண்ணைத் துடைத்தாள். "எம்புள்ளையும் இதே பாலைத்தானே சாமி குடிக்குது?"

மந்திரி செங்கழனியார் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அம்மா, இளவரசர் கக்குவது பச்சையாக இருக்கிறதா? பீய்ச்சி அடிக்கிறதா? காய்ச்சல் உண்டா?"

"ஒண்ணும் இல்ல சாமி. உடம்பும் நல்லாத்தான் தேறுது."

"உன் பிள்ளைக்குத் தங்கத் தொட்டில் உண்டா?"

"ஏழைக்கு ஏது தொட்டிலு? பால் குடிச்சதும் என் தோள்தான்."

"அப்படியானால் வைத்தியர் வேண்டாம், மகாராஜா. ராயர் போதும். ஒரு செம்பு பாயசத்தை மடமடவென்று குடித்துவிட்டு, உடனே ஊஞ்சலில் மல்லாந்து படுக்கட்டும். நாங்கள் ஆட்டுகிறோம். அசையாமல் கிடந்தால் பூவாயி போகட்டும். இல்லாவிட்டால் சட்டம் போகட்டும்."

"பாயசம் குடிப்பதும் ஒரு பரீட்சையா?" என்று ராயர் இளித்தார். குடித்தார். படுத்தார். ஆட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராயரின் கால் வயிற்றுக்கு மடங்கியது. "நிமிர்த்துங்களேன்..."

"ஏன் ராயரே?"

"காற்று அடைக்கிறதய்யா!"

தூக்கி உட்காரவைத்தார்கள். கிளம்பியது பாருங்கள் ஒரு ஏப்பம்! தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. கூடவே பாயசமும் பட்டு அங்கவஸ்திரத்தில் இறங்கியது.

"ராயருக்கு வாய் இருக்கிறது, சொல்லிவிட்டார்," என்றார் மந்திரி. "இளவரசருக்கு அழத்தான் தெரியும்."

ராஜா எழுந்து, பால் குடித்து முடித்த பிள்ளையைத் தானே தோளில் சாய்த்து முதுகைத் தட்டினார். ஒரு சின்ன ஏப்பம். வயிறு இளகி, பிள்ளை அப்படியே உறங்கிப்போனது.

"எங்கம்மா இப்படித்தான் தட்டுவாள்," என்றார் ராஜா, யாரையும் பார்க்காமல். "ராஜாவான பிறகு என் முதுகை யாரும் தட்டியதே இல்லை."

மந்திரிக்கு முத்துமாலை, பூவாயிக்கு அரண்மனையிலேயே வீடு. ராயருக்கும் பதவி உயர்வுதான்: இளவரசர் கக்கினால் துடைக்கும் துண்டை ஏந்தி நிற்க வேண்டும்.

காலம் ஓடியது. இளவரசர் முடிசூடி, விருந்துண்டு எழுந்தார். தளர்ந்துபோன தகப்பனின் கை தானாக அவர் முதுகுக்குப் போனது.

"அப்பா, எனக்கு மீசையே முளைத்துவிட்டது."

"எனக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லையே."

புது ராஜா மறுபடி உட்கார்ந்து, முதுகைக் காட்டினார்.